செங்கலடிப் பக்கம் ஓட்டுச் சூளை: பேர்னஸ் ஒயிலை விட்டு நிலக்கரி வாயுவுக்கு மாறலாமா?

சூளைவாசல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் நடுவில் உள்ள ஒரு சுரங்கச் சூளைக்காகக் (ஓடு அடுக்கிய வண்டிகள் நீண்ட கூடத்துக்குள் மெதுவாக நகர்ந்து சுடுபடும் சூளை) கேட்கிறேன். மெருகு பூசிய கூரை ஓடும் அலங்கார ஓடும் சுடுகிறோம். உச்ச வெப்பநிலை 1040 பாகை. பேர்னஸ் ஒயில் மணிக்குச் சராசரி 190 லீற்றர் போகிறது. இரவு பகலாக ஓடும் சூளை, இடையில் நிறுத்த ஏலாது.

நிலக்கரியைப் பாய்மப் படுக்கையில் (அடியில் இருந்து ஊதும் காற்றில் மிதந்து கொதிக்கும் சூடான மணலில்) வாயுவாக்கிச் சூளைக்குக் கொடுக்கும் பொறி ஒன்றுக்கு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் விலை அனுப்பியிருக்கிறார். "எந்த நிலக்கரியும் போடலாம், செயற்றிறன் 92 வீதம்" என்று அதில் போட்டிருக்கு. பொறியின் அளவு, நிலக்கரிச் செலவு எல்லாம் அதிலே ஒரே பக்கம்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது: எங்கட சூளைக்கு உண்மையில் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு காற்று, எவ்வளவு பெரிய உலை? இப்ப உள்ள பேணர்களை (எரிமுனைகளை) வைத்திருக்கலாமா? தார், கழிவுநீர் என்று வாவிப் பக்கம் பிரச்சினை வருமா? நிலக்கரியைத் தூளாக்கி நேரே சூளைக்குள் விடச் சொல்லாதீர்கள். சாம்பல் மெருகில் ஒட்டிப் புள்ளி விழும், அதனால்தான் வாயு.

---

கொதிகலன்கடை

92 வீதத்தை முதலில் ஒதுக்கி வையுங்கோ. சூடான வாயுவில் உள்ள வெப்பம், எடுத்த நீராவி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் கணக்கு அது. வாயுவைக் குளிரவைத்த பின் அதில் மிஞ்சும் எரிசக்தியை மட்டும் பார்த்தால், காற்றூதும் பாய்மப் படுக்கைக்கு 62 முதல் 70 வீதம்தான் நியாயம். நான் கீழ்ப்பக்க எண்ணையே எடுக்கிறேன்.

190 லீற்றர் ஒயில் என்பது ஏறத்தாழ 2 மெகாவாட், அதாவது மணிக்கு 7200 மெகாயூல். காற்றும் கொஞ்சம் நீராவியும் விட்டு எடுக்கும் வாயுவில் காபனோரொட்சைட்டு 18, ஐதரசன் 13, மெதேன் 2.5, காபனீரொட்சைட்டு 12 வீதம் வரும். மிச்சம் 54 வீதத்துக்குக் கொஞ்சம் கூட, முழுக்க நைதரசன். இந்தக் கலவையின் வெப்பப் பெறுமானம் நியம கனமீற்றருக்கு (0 பாகையில், சாதாரண காற்றமுக்கத்தில் அளந்த கனமீற்றர்) 4.6 மெகாயூல். சமையல் வாயுவோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. ஆகவே மணிக்கு 1565 நியம கனமீற்றர் வாயு வேண்டும்.

கிலோவுக்கு 25 மெகாயூல் உள்ள, காபன் 65 வீதமான நிலக்கரி என்றால் கிலோவுக்கு 3.4 கனமீற்றர் வாயு கிடைக்கும், 2.35 கனமீற்றர் காற்றுச் செலவாகும். கணக்குப் போட்டால் மணிக்கு 460 கிலோ நிலக்கரி, 1080 கனமீற்றர் காற்று, 115 கிலோ நீராவி. நாளுக்கு 11 தொன் நிலக்கரி. நீராவிக்குத் தனிக் கொதிகலன் கட்டாயமில்லை. ஊதும் காற்றை 50 முதல் 55 பாகையில் நீரால் நிறைவாக்கினாலே அந்த அளவு ஏறிவிடும், சூளையின் கழிவு வெப்பம் அதற்குத் தாராளம்.

படுக்கை 930 பாகையில் நிற்கிறது என்று வைத்தால் உள்விட்டம் 1.2 மீற்றர் போதும். அடியில் வேகம் செக்கனுக்கு 1.3 மீற்றர், வாயு உருவாகி மேலே வரும்போது 1.8. படுக்கைக்கு மேலே உள்ள வெற்றிடத்தை 1.8 மீற்றர் விட்டத்துக்கு அகலமாக்குங்கோ, வேகம் 0.8க்கு இறங்கும். அப்படிச் செய்யாவிட்டால் பாதி எரியாத தூள் எல்லாம் சைக்ளோனுக்குத்தான் (வாயுவைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) போகும். விற்பனையாளரின் வரைபடத்தில் மேலும் கீழும் ஒரே விட்டமாக இருந்தால், நிலக்கரியில் எவ்வளவு காபன் பறந்து போகிறது என்று அவரிடமே கேளுங்கோ.

அடித்தட்டுக்கு 120 மில்லிமீற்றர் இடைவெளியில் 78 மூடித்துளைகள் (காற்றை உள்ளே விடும், மேலே மூடி போட்ட முனைகள்). ஒவ்வொன்றிலும் 5 மில்லிமீற்றர் துளை நான்கு. தட்டில் அமுக்க இழப்பு 4 முதல் 5 கிலோபஸ்கால் வரும். படுக்கை 0.9 மீற்றர் ஆழ மணலும் சாம்பலும் என்றால் 11.5 கிலோபஸ்கால். தட்டின் இழப்புப் படுக்கையின் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் காற்று ஒரு பக்கமாகவே ஏறும், மற்றப் பக்கம் செத்துக் கட்டியாகும். சைக்ளோன், குழாய், பேணர் எல்லாம் சேர்த்து 20 கிலோபஸ்கால். 25க்கு ரூட்ஸ் பிளோவர் (காற்றை அமுக்கத்தோடு தள்ளும் ஊதி) வாங்குங்கோ.

பலர் தவறவிடும் இடம் ஒன்று. 0.6 மில்லிமீற்றர் மணல் 930 பாகையில் 0.12 மீற்றர் வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். குளிர்ந்த நிலையில் அதற்கு 0.27 வேண்டும். அந்த வேகத்துக்கே மணிக்கு 1100 கனமீற்றர் காற்று, அதாவது வேலை நேரக் காற்று முழுக்க மணலை லேசாக அசைக்க மட்டும்தான் காணும். நன்றாகக் கொதிக்கவைத்துப் பரிசோதிக்க 1700 கனமீற்றர் வரை போகக்கூடிய பிளோவரும், வேகத்தைக் குறைக்கும் இன்வேட்டரும் வேண்டும்.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை)

கொதிகலன்கடை அண்ணனின் கணக்கு சரி. ஆனால் அம்பாறை மாவட்டத்தில் உமி இருக்க இறக்குமதி நிலக்கரி எதுக்கு?

உமி கிலோவுக்கு 13 மெகாயூல் தரும், இதே உலையில் 750 முதல் 850 பாகையில் வாயுவாகும். 2 மெகாவாட்டுக்கு மணிக்கு 920 கிலோ, நாளுக்கு 22 தொன். இந்தப் பக்கத்து ஆலைகளில் உமி மலையாகக் கிடக்கிற காலமும் இருக்கு. தார் நிலக்கரியை விடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் கந்தகம் இல்லை.

---

கொதிகலன்கடை

காக்கா, 22 தொன் உமி என்றால் 110 தொன் நெல்லுக் குற்றிய உமி. அதுவும் அவித்த நெல்லுக்குக் கொதிகலனில் எரிக்கிற பங்கு போக மிச்சம் வர வேண்டும். கனமீற்றருக்கு 110 கிலோதான் உமியின் நிறை, ஆக நாளுக்கு 200 கனமீற்றர் இடம். பெரும்போக வெட்டு முடிந்த மாசி பங்குனியில் கிடைக்கும், சிறுபோகம் வரும்வரை என்ன செய்வது? நிறுத்த முடியாத சூளைக்கு உமியை முதல் எரிபொருளாக வைக்க ஏலாது.

நிலக்கரியோடு கலக்கலாம் என்ற யோசனை வரும், அதிலும் எச்சரிக்கை வேண்டும். உமிச் சாம்பலில் சிலிக்காவோடு பொற்றாசியமும் இருக்கு. நிலக்கரிக்காக 930 பாகையில் வைத்த படுக்கையில் அது ஒட்டத் தொடங்கும். நிறையில் பத்து வீதத்துக்கு மேல் போட வேண்டாம்.

---

ஆய்வுகூடமேசை

உலையின் விட்டத்தைப் பிறகு பாருங்கள். முதலில் நிலக்கரியின் பரிசோதனைத் தாள். "எந்த நிலக்கரியும்" என்ற சொல்லை நம்பினவர்களின் படுக்கைதான் கல்லாகிக் கிடக்கிறது.

பாய்மப் படுக்கையின் உயிர் சாம்பலில் இருக்கிறது. சாம்பல் எந்த வெப்பநிலையில் முதல் உருச்சிதையத் (இளகி வடிவம் இழக்கத்) தொடங்குகிறது என்று கேளுங்கள், அதுவும் தாழ்த்தும் சூழலில் (ஒட்சிசன் இல்லாத வாயுவில்) எடுத்த எண்ணைக் கேளுங்கள். ஒட்சியேற்றும் சூழலில் எடுத்த எண்ணைக் காட்டி விற்பார்கள். சாம்பலில் இரும்பு இருந்தால் தாழ்த்தும் சூழலில் உருகும் புள்ளி நூறு பாகைக்கும் மேல் இறங்கலாம், வாயுவாக்கியின் உள்ளே இருப்பது அந்தச் சூழல்தான். படுக்கை அந்த எண்ணுக்கு 150 முதல் 200 பாகை கீழே நிற்க வேண்டும். காரணம், வெப்பமானி காட்டுவது சராசரி. காற்று நுழையும் மூடித்துளைக்குப் பக்கத்தில் எரியும் கரித்துண்டின் மேற்பரப்பு அதை விட 100 முதல் 200 பாகை கூடுதலாக இருக்கும். ஒட்டுவது அங்கேதான்.

அடுத்தது வீங்கு எண், சூடாக்கும்போது நிலக்கரி எவ்வளவு வீங்கும் என்ற அளவு. 2க்கு மேல் உள்ள நிலக்கரி சூடு பட்டவுடன் இளகி மணலோடு உருண்டையாகும். ஊட்டும் குழாயின் வாய்க்குக் கீழேயே குவியல் எழும்பும்.

மூன்றாவது, கரி (ஆவியாகும் பொருட்கள் போன பின் நிலக்கரியில் மிஞ்சுவது) எவ்வளவு விரைவாக வாயுவோடு தாக்கம் புரியும் என்பது. முதிர்ந்த நிலக்கரியின் கரி 930 பாகையில் சோம்பேறி. இளம் நிலக்கரி அதே வேலையை 880லும் செய்யும். 1926இல் ஜேர்மனியின் லொய்னாவில் முதல் பெரிய பாய்மப் படுக்கை வாயுவாக்கி ஓடத் தொடங்கியபோது போட்டதும் பழுப்பு நிலக்கரிதான். பிரிட்ஸ் விங்க்ளரின் அந்த உலை முதிர்ந்த கரிக்காகப் பிறந்ததில்லை.

---

சூளைவாசல்

நன்றி. எனக்கு இரண்டு தாள் வந்திருக்கு. ஒன்று தென்னாபிரிக்க நிலக்கரி: 6000 கிலோகலோரி, சாம்பல் 15 வீதம், கந்தகம் 0.6, தாழ்த்தும் சூழலில் உருச்சிதைவு 1280 பாகை, வீங்கு எண் 1. மற்றது இந்தோனேசிய நிலக்கரி: 4200 கிலோகலோரி, மொத்த ஈரம் 35 வீதம், சாம்பல் 5, கந்தகம் 0.3, உருச்சிதைவு 1120 பாகை, வீங்கு எண் 0. விலை தொன்னுக்கு இரண்டாவது நல்ல குறைவு. எதை எடுப்பது?

---

ஆய்வுகூடமேசை

இரண்டாவதை. உருச்சிதைவு குறைவு என்று பயப்பட வேண்டாம். 1120இல் 200 கழித்தாலும் 920 கிடைக்கிறது, இந்தக் கரிக்கு 880 முதல் 900 போதும். முதலாவதை 980 வரை ஏற்றினாலும் சைக்ளோனில் பிடிபடும் தூளில் நிறையக் காபன் மிஞ்சும்.

ஆனால் கொதிகலன்கடையின் 460 கிலோ உங்களுக்கு 650 முதல் 700 கிலோவாகும். அதோடு 35 வீத ஈரத்தை அப்படியே உலைக்குள் விடக் கூடாது, படுக்கையை அது குளிரவைக்கும், காற்றுக் கூடும், வாயு நலியும். 15 வீதத்துக்கு உலர்த்துங்கள். மணிக்கு 165 கிலோ நீரை எடுத்தால் சரி, ஏறத்தாழ 160 கிலோவாட் வெப்பம் வேண்டும். சூளைப் புகையில் இருந்து எடுக்கலாம். உலர்த்தியின் வாயு 150 பாகைக்குக் கீழே இருக்கட்டும், ஏனென்றால் இந்த நிலக்கரி தானாகவே பற்றும். மிஞ்சும் ஈரம் நீராவியின் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும். என்றாலும் அடித்தட்டு வழியாக விடும் நீராவியைப் பாதிக்குக் கீழே குறைக்க வேண்டாம். மூடித்துளைக்குப் பக்கத்தில் சூட்டை அடக்குவது அதுதான்.

களஞ்சியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கட பக்கம் மாரி மழை கார்த்திகையில் தொடங்கித் தை வரை. கூரை இல்லாமல் 11 தொன் நாள்செலவுக்குச் சேர்த்து வைத்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், தொட்டியில் பாலம் கட்டும். கூரைக்குக் கீழேயும் குவியல் இரண்டரை மீற்றருக்கு மேல் போகாமல், நன்றாக அமுக்கி, நடுவில் இரும்புக் குழாய் இறக்கி வெப்பநிலை பாருங்கள். 60 பாகை காட்டும் பக்கத்தை முதலில் எடுத்து எரித்துவிடுங்கள். தண்ணீர் அடித்து அணைக்க நினைத்தால் உள்ளே சூடு இன்னும் கூடும்.

---

கொதிகலன்கடை

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நாள்செலவு மட்டும் 16 தொன் என்று திருத்திக்கொள்ளுங்கோ, 11 என்பது 25 மெகாயூல் நிலக்கரிக்கு.

அரைத்த நிலக்கரி 0 முதல் 8 மில்லிமீற்றர். அரை மில்லிமீற்றருக்குக் கீழான தூள் 15 வீதத்தைத் தாண்டக் கூடாது, அது படுக்கையில் தங்காது. இறக்குமதி நிலக்கரியில் தூள் எப்படியும் கூடுதலாக வரும். நிலைப்படுக்கை வாயுவாக்கிக்கு (நிலக்கரி மிதக்காமல் குவியலாக நிற்கும் வகை) 20 முதல் 50 மில்லிமீற்றர்க் கட்டி பொறுக்கிப் போட வேண்டும், மிச்சத் தூள் வீண். 2 மெகாவாட் பாய்மப் படுக்கைக்குச் சின்ன அளவுதான், ஆனாலும் உங்கள் இடத்துக்கு அதைச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே காரணம் இந்தத் தூள்தான்.

ஊட்டுவதற்கு இரண்டு திருகு வையுங்கோ. முதலாவது மெதுவாகச் சுழன்று அளக்கும். இரண்டாவது வேகமாகச் சுழன்று படுக்கையின் அடிப்பாகத்துக்குள் தள்ளும், வெளியே நீர்ச் சட்டை இருக்க வேண்டும். ஒரே திருகை மெதுவாக விட்டால் நிலக்கரி குழாய்க்குள்ளேயே வெந்து, தார் கசிந்து, திருகு பிடித்துக்கொள்ளும். படுக்கையின் மேலே போட்டாலும் தார் கூடும், ஆவியாகும் பொருட்கள் உடைவதற்கு நேரம் கிடைக்காது.

---

குழாய்வேலை (கல்முனை)

பேணர், குழாய் பற்றி நான் சொல்கிறேன். ஒயில் பேணர் ஒன்றுக்கும் உதவாது, கழற்றிவிடுங்க.

தார் இருக்கிற வாயுவைக் குளிரவைக்கவே கூடாது. சைக்ளோன் தாண்டி 400 பாகையில் வாயு வரட்டும், சூளை வரை 350க்குக் கீழே இறங்காமல் கொண்டுபோங்க. அந்த வெப்பத்தில் 1565 நியம கனமீற்றர் என்பது செக்கனுக்கு ஒரு கனமீற்றருக்கு மேல். 15 மீற்றர் வேகத்துக்கு உள்விட்டம் 300 மில்லிமீற்றர். உள்ளே வெப்பந்தாங்கிப் பூச்சுப் போட்டால் வெளி உருக்குக் குழாய் 500 வரை வரும். வாயுவாக்கியைச் சூளையின் சுடும் வலயத்துக்குப் பக்கத்தில், 15 மீற்றருக்குள் வையுங்க. தூரம் கூடினால் வளைவுகளில் தாரும் தூளும் சேர்ந்து கருங்கல் மாதிரி அடைக்கும். ஒவ்வொரு வளைவிலும் கழற்றக்கூடிய மூடி விட்டுவையுங்க.

இப்படிச் சூடாகவே எரித்தால் கழுவும் தண்ணீரே இல்லை. கழுவினால் பீனோல் கலந்த கறுப்புத் தண்ணீர் வரும். அதை வாவிப் பக்கம் விட நினைக்கவே வேண்டாம், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமும் அங்கேயே நின்றுவிடும். வாயுவின் சூடும் சூளைக்கே போவதால் பத்து வீதம் போல லாபம்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியது புகையின் அளவு. ஒயிலில் மணிக்கு 2200 கனமீற்றர் புகை வந்த இடத்தில் இதில் 3100 வரும். குளிர்வலயக் காற்றும் சேர்வதால் சுரங்கச் சூளையில் மொத்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது, ஆனால் இழுவை விசிறியை அளந்து பாருங்க. பேணர் முனையில்தான் வாயுவும் காற்றும் கலக்க வேண்டும், முன்கூட்டியே கலக்கும் பேணர் கூடாது. 13 வீத ஐதரசன் இருக்கும் சூடான வாயு பின்னுக்கு ஓடிப் பற்றும். ஒவ்வொரு பேணருக்கும் சமையல் வாயுவில் அணையாமல் எரியும் சின்னச் சுவாலை வையுங்க.

---

உமிச்சாம்பல் (சம்மாந்துறை)

சரி, உமியை விட்டுட்டேன். சைக்ளோனில் பிடிக்கிற சாம்பலைச் சும்மா கொட்டப் போறீங்களா? அதிலே எரியாத காபன் 30 முதல் 50 வீதம் கிடக்கும்.

இரிக்கிற இடத்திலேயே அதற்கு வேலை இரிக்கி. செங்கல் அறுக்கிறவங்க மண்ணோடு உமியோ உமிச்சாம்பலோ கலக்கிறது வழக்கம்தானே. அதே மாதிரி இதையும் நிறையில் ஐந்து வீதம் கலந்தால் கல் உள்ளே இருந்தே வேகும், வெளி விறகு குறையும். கூடப் போட்டு வேகமாகச் சுட்டால் கல்லின் நடு கறுத்துப் போகும், 700 முதல் 850 பாகைக்குள்ள மெதுவாக ஏற்றணும். உங்கட மெருகு ஓட்டில் மட்டும் கலக்காதீங்க, உள்ளே எரியும் காபன் வாயுவாகி மெருகில் ஊசித்துளை விழும்.

---

சூளைவாசல்

அது நல்ல வழி காக்கா. கந்தகத்துக்குச் சுண்ணாம்புக்கல் போடச் சொல்கிறார்கள், போடலாமா? மற்றது, மின்சாரம் போனால் என்ன நடக்கும்? இங்கே அது அடிக்கடி.

---

ஆய்வுகூடமேசை

0.3 வீதக் கந்தகத்துக்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. 0.6 உள்ள தென்னாபிரிக்க நிலக்கரி என்றால் வாயுவில் 1200 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1200 பங்கு) ஐதரசன் சல்பைட்டு வரும், மணிக்கு 17 கிலோ சுண்ணாம்புக்கல் போட்டால் பெரும்பங்கு பிடிபடும். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. பிடிபட்ட கந்தகம் கல்சியம் சல்பைட்டாகச் சாம்பலில் நிற்கும், மழை பட்டால் திரும்ப ஐதரசன் சல்பைட்டை விடும். காற்றில் நன்றாக எரித்துச் சல்பேற்றாக்கிய பிறகுதான் கொட்டலாம். தாரைக் குறைக்க விரும்பினால் மாத்தளைப் பக்கத்து டொலமைட்டை மணலோடு கலந்து பாருங்கள், சுண்ணாம்புக்கல்லை விட அது தாரை நன்றாக உடைக்கும். நொறுங்கிப் பறப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

---

கொதிகலன்கடை

மின்சாரம் பற்றி. பிளோவர் நின்றால் படுக்கை அப்படியே அமர்ந்துவிடும். அந்த நேரம் நிலக்கரித் திருகு ஓடிக்கொண்டிருந்தால் சூடான மணலுக்குள் நிலக்கரி குவிந்து, காற்றுத் திரும்பும்போது ஓரிடத்தில் மட்டும் எரிந்து கட்டியாகும். ஆகவே பிளோவரின் அமுக்கம் விழுந்த கணமே திருகு நிற்க வேண்டும், சூளைக்குப் போகும் வால்வு மூட வேண்டும், உச்சியில் உள்ள எரிகுழாய் (வாயுவை வெளியே எரித்துவிடும் குழாய்) வால்வு திறக்க வேண்டும். மூன்றும் மின்சாரம் இல்லாமலே நடக்கும்படி வில் அல்லது எடையில் இயங்கும் வால்வாக இருக்கட்டும். அடித்தட்டுக்குக் கீழே உள்ள காற்றுப்பெட்டிக்குள் வாயு பின்னோக்கி வராமல் சிலிண்டரில் இருந்து நைதரசனை விடுங்கோ. ஜெனரேட்டர் வந்தவுடன் பிளோவரை நேரே போட வேண்டாம். காற்றுப்பெட்டியை நைதரசனால் கழுவிய பிறகு போடுங்கோ.

தொடக்கமும் அப்படித்தான். டீசல் பேணரால் படுக்கையை 550 பாகைக்கு ஏற்றி, கொஞ்சமாக நிலக்கரி விட்டு, காற்றுக் கூடுதலாக இருக்க எரித்து 850க்குக் கொண்டுவாங்கோ. பிறகு காற்றைக் கூட்டாமல் நிலக்கரியைக் கூட்ட வேண்டும். ஒட்சிசன் பூச்சியத்துக்கு இறங்கும் இடத்தில்தான் படுக்கை ஆகக் கூடச் சுடும், அந்த இடத்தைத் தயங்காமல் கடவுங்கோ, நீராவியைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த நேரம் முழுக்க வாயு எரிகுழாய்க்குப் போகட்டும். வாயுவில் ஒட்சிசன் 1 வீதத்துக்குக் கீழே நிலைத்து நின்றால்தான் சூளை வால்வைத் தொடலாம். சைக்ளோனின் தலையிலும் வாயுக்குழாயின் முடிவிலும் வெடிப்புத் தகடு (அமுக்கம் மிஞ்சினால் முதலில் கிழியும் தகடு) வையுங்கோ, அதன் வாய் ஆள் நடக்காத பக்கம் பார்க்கட்டும்.

---

குழாய்வேலை (கல்முனை)

இன்னொன்று. ஒயில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. 18 வீதக் காபனோரொட்சைட்டு என்றால் 180000 பிபிஎம், இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். உலை முழுக்கக் காற்றமுக்கத்தை விடக் கூடிய அமுக்கத்தில் நிற்பதால் எங்கே ஓட்டை இருந்தாலும் வாயு வெளியேதான் வரும். திருகின் அச்சுப் பொதி, சாம்பல் இறக்கும் வால்வு, வளைவு மூடிகள் மூன்றும் முதலில் கசியும் இடங்கள். அந்த இடங்களில் நிலையான உணரி வைத்து 30 பிபிஎம்மில் மணி அடிக்கவும் 100இல் நிலக்கரித் திருகு நிற்கவும் செய்யுங்க. சாம்பல் இறக்கும் ஆள் தனியே போகக் கூடாது, சட்டைப்பையில் கைக்கருவி இருக்கட்டும். வாயுவாக்கியைச் சுவர் இல்லாத கொட்டகையில் வையுங்க. மழைக்காலத்தில் சாரல் அடிக்குது என்று படங்கால் நாலு பக்கமும் மூடிவிடுவார்கள், அதை விடவே கூடாது. சாரலுக்குத் தகரத்தைச் சரிவாக மேலே நீட்டி, கீழே இரண்டு மீற்றர் திறந்தே வையுங்க.